விதையா, நிலமா? கருவுறுதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். பூவில், கோழியில், மீனில், மனிதரில் ஒரு புது உயிர் எப்படித் தொடங்குகிறது என்று மாணவர்கள் கேட்டவை, அவர்களின் அம்மா அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டவை, மாடித்தோட்டம் போடும் அக்கம்பக்கத்தார் கேட்டவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கருவுறுதல் என்றால் என்ன?

பாதி பாதியாக இருக்கும் இரண்டு செல்கள் சேர்ந்து முழுசான ஒரு செல் ஆவது. தென்னையின் ஓலையிலோ வேரிலோ ஒரு செல்லை எடுத்தால் உள்ளே 32 குரோமோசோம்கள், அதாவது பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழைகள், இருக்கும். அதன் முட்டை செல்லில் 16தான். மகரந்தம் கொண்டுவரும் ஆண் செல்லிலும் 16தான். மனிதருக்கு 46, அதில் பாதி 23. கோழிக்கு 78, பாதி 39. கணக்குதான் மாறுகிறது, முறை ஒன்றே. சேர்ந்த அந்த ஒற்றைச் செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகித்தான் மரமும் மாடும் மனிதரும் உருவாகிறார்கள்.

இதைத் தெளிவாகப் பார்த்து எழுதியவர் ஜெர்மானியரான ஆஸ்கார் ஹெர்ட்விக். 1876இல் அவர் எடுத்துக்கொண்டது கடல் முள்ளெலியின் முட்டை. உடம்பெல்லாம் முள்ளாக, பந்து மாதிரி இருக்கும் சிறு கடல் உயிரி அது. அதன் முட்டை கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதால், விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் நெருங்கி ஒன்றாவதை நுண்ணோக்கியில் அவரால் பார்க்க முடிந்தது.

மகரந்தச் சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றுதானே?

இல்லை. தேர்வில் அதிகம் பேர் தவறவிடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மகரந்தத் தூள் சூலகமுடியில், அதாவது பூவின் பெண் பகுதியின் உச்சியில், வந்து ஒட்டுவது மகரந்தச் சேர்க்கை. விருந்தாளி வாசலுக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான். அங்கிருந்து அந்தத் தூள் ஒரு மெல்லிய குழலை விட வேண்டும். குழல் சூலகமுடிக்குக் கீழே உள்ள சூல்தண்டுக்குள் வளர்ந்து இறங்கி, பின்னால் விதையாகப்போகும் சூலுக்குள் இருக்கும் முட்டை செல்லை அடைய வேண்டும். குழல் வழியாக வரும் ஆண் செல் முட்டையோடு சேர்ந்தால்தான் கருவுறுதல்.

மக்காச்சோளக் கதிரின் நுனியில் பட்டு நூல் மாதிரி தொங்குமே, அதில் ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்குப் போகும் பாதை. இழை 30 சென்டிமீட்டர் நீளம்கூட இருக்கும். மகரந்தக் குழல் அவ்வளவு தூரத்தையும் சுமார் ஒரு நாளில் கடந்துவிடும். எந்த இழைக்கு மகரந்தம் கிடைக்கவில்லையோ அந்த இடத்தில் மணி இருக்காது. சோளக்கதிரை உரிக்கும்போது நடுநடுவே பொக்கைவாய் மாதிரி தெரிவது அதனால்தான்.

நெல்லிலும் இதே கதை. நெற்பூ பெரும்பாலும் காலையில் திறந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். மகரந்தத்துக்கு உயிர் இருப்பது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் வெயில் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கருவுறாமல் போய்விடும். உமி மட்டும் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. பதர் என்கிறோமே, அதில் ஒரு பகுதி இப்படிக் கருவுறாமல் போன பூதான். மீதிப் பதருக்குக் கதிர் நாவாய்ப்பூச்சி, சத்துக்குறைவு என்று வேறு காரணங்கள் உண்டு. பயனற்ற சொல்லைப் பாராட்டுகிறவனை ‘மக்கட் பதடி’ என்கிறார் வள்ளுவர். பதரைத் தூற்றிப் பார்த்த கண்ணுக்குத்தான் அந்த உவமை வரும்.

ஆண் விதை, பெண் நிலம் என்று பெரியவர்கள் சொல்வது சரியா?

தவறு. அடிப்படையிலேயே தவறு. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கே இந்தக் கேள்விதான் காரணம்.

விதை என்பது என்ன? ஒரு நிலக்கடலைப் பருப்பை ஊறவைத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஒரு ஓரத்தில் குட்டியாக, மூக்கு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கரு. அதற்கு வேர்நுனி இருக்கிறது, இளம் இலைகளும் இருக்கின்றன. அப்படியென்றால் விதை என்பது ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளை. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வாங்கிக்கொண்டு, அம்மாச் செடியின் சூலகத்துக்குள் வளர்ந்து, சாப்பாட்டு மூட்டையோடு வெளியே வந்த பிள்ளை. மண்ணில் ஊன்றும்போது அங்கே எந்தக் கருவுறுதலும் நடப்பதில்லை. அது எப்போதோ பூவில் முடிந்துவிட்டது.

ஆகவே ஆணின் விந்தணுவைச் செடியில் எதோடு ஒப்பிடலாம் என்றால், மகரந்தம் கொண்டுவரும் ஆண் செல்லோடுதான். விதையோடு ஒப்பிட்டால், பிள்ளை முழுசாக ஆணிடமிருந்து வருவதாகவும் பெண் இடம் மட்டும் கொடுப்பதாகவும் ஆகிவிடும். நம் மொழியிலேயே இந்தத் தவறு குடியிருக்கிறது. ஆணின் உறுப்பை விதை என்கிறோம், விதைப்பை என்கிறோம். மற்ற ஊர்களிலும் இதே நினைப்புதான். குழந்தைக்கு உருவம் தருவது ஆண், வெறும் பொருளைத் தருவது பெண் என்று அரிஸ்டாட்டில் சொல்லி வைத்தார். விந்தணுவை 1677இல் லேவன்ஹூக் நுண்ணோக்கியில் பார்த்த பிறகும் இது மாறவில்லை. 1694இல் ஹார்ட்சூக்கர் என்பவர், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலப் படமே போட்டார்.

அதே 1694இல் ஜெர்மனியில் கமராரியஸ் என்னும் மருத்துவர் வேறொரு வேலை செய்திருந்தார். ஆமணக்குக் குலையில் மேலே பெண் பூ, கீழே ஆண் பூ. ஆண் பூக்களை விரியுமுன் கிள்ளிப் போட்டார், நல்ல விதை பிடிக்கவில்லை. மக்காச்சோளத்தில் பட்டு இழைகளை நறுக்கினார், மணி பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது என்று செடியிலேயே காட்டிவிட்டார். பாலூட்டிகளின் முட்டை செல்லை நாயின் சூலகத்தில் வான் பேர் என்னும் அறிஞர் கண்டுபிடித்தது 1827இல்தான். கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் பெண்ணின் பங்கு கணக்கில் வரவில்லை.

இன்னும் ஒன்று. பங்கு பாதிப் பாதி என்றாலும், அந்த முதல் செல்லின் உடம்பு ஏறக்குறைய முழுதும் அம்மாவுடையது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் அம்மா வழியாகத்தான் வருகிறது. ஒரு பெண்ணின் முட்டை செல்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கிவிடுகின்றன. உங்களை உண்டாக்கிய அந்த முட்டை, உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டியின் வயிற்றில் கொஞ்ச காலம் இருந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுவார்கள்.

இரட்டைக் கருவுறுதல் என்றால் என்ன? பாடத்தில் புரியவே இல்லை.

ஒரு இளநீர் வாங்கிக்கொண்டு வாருங்கள், புரிந்துவிடும்.

பூக்கும் செடிகளில் ஒரு மகரந்தக் குழல் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுவருகிறது. ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று, பக்கத்தில் காத்திருக்கும் இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, அந்தக் கருவுக்குச் சாப்பாடாக வளர்கிறது. கருவூண் திசு என்று புத்தகத்தில் இருப்பது அதுதான். மூன்று பாதிகள் சேர்ந்ததால் தென்னையில் அதற்கு 48 குரோமோசோம்கள். 1898இல் ரஷ்யரான நவாஷின் லில்லிப் பூக்களில் இதைக் கண்டுபிடித்தார்.

இப்போது இளநீருக்கு வருவோம். பாளை வெடித்து, பெண் பூ கருவுற்று, குரும்பையாகித் தேங்காயாக முற்றுவதற்குச் சுமார் பன்னிரண்டு மாதம் ஆகும். முதலில் அந்தச் சாப்பாட்டுத் திசுவின் உட்கருக்கள் மட்டும் பெருகிப் பெருகித் தண்ணீரில் மிதக்கின்றன. அதுதான் நாம் குடிக்கும் இளநீர். அப்புறம் ஓட்டின் உட்புறமாகச் செல்சுவர்கள் எழும்புகின்றன, வழுக்கை பிடிக்கிறது. வழுக்கை முற்றினால் தேங்காய்ப் பருப்பு. மூன்றும் ஒரே திசுவின் மூன்று வயது. கரு எங்கே என்கிறீர்களா? மூன்று கண்ணில் மென்மையாக இருக்கும் ஒரு கண்ணுக்கு அடியில், சின்ன முளைக்குச்சி மாதிரி ஒளிந்திருக்கும். தேங்காய் முளைக்கும்போது அந்தக் கருவின் ஒரு பகுதிதான் உள்ளே பஞ்சாக உப்பி, பருப்பிலிருந்து சத்தை உறிஞ்சும். அதைத் தேங்காய்ப் பூ என்று சொல்லிச் சாப்பிடுகிறோம். பெயரில்தான் பூ.

நுங்கும் இதே வகைதான், பனையின் இளம் கருவூண். நெற்கதிர் ‘பால் பிடித்துவிட்டது’ என்று விவசாயிகள் சொல்வதும் இதைத்தான். அரிசியாக இறுகப்போகும் கருவூண் அப்போது பாலாக இருக்கிறது. நம் சோறு, தேங்காய்ச் சட்னி, கோதுமை மாவு எல்லாமே ஏதோ ஒரு கருவுக்கென்று தாய்ச்செடி கட்டி வைத்த சாப்பாடு.

மகரந்தக் குழலுக்கு வழி எப்படித் தெரிகிறது?

முட்டை செல்லுக்குப் பக்கத்திலேயே இரண்டு துணைச் செல்கள் இருக்கின்றன. அவை ஒரு சிறு புரதத்தைக் கசியவிட்டு, இந்தப் பக்கம் வா என்று குழலை அழைக்கின்றன. ஜப்பானில் ஹிகாஷியாமாவின் குழு டொரேனியா என்னும் தோட்டப் பூச்செடியில் 2009இல் அந்தப் புரதங்களைக் கண்டுபிடித்தது. டொரேனியாவில் முட்டை செல் இருக்கும் பை சூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் நேராகப் பார்க்க முடியும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். முட்டை சும்மா காத்திருக்கிறது, ஆண் செல்தான் தேடிப் போகிறது என்ற படம் செடியிலும் பொய்.

மாடியில் வைத்த பரங்கி நிறையப் பூக்கிறது. பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் கருவுறாததால். பரங்கி, சுரை, பீர்க்கு, பாகல், புடலை எல்லாவற்றிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். அந்தக் குட்டிக் காயைப் பார்த்துவிட்டு காய் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம், அது இன்னும் சூலகம்தான். மாடிக்குத் தேனீ வராவிட்டால் இரண்டு நாளில் வாடி விழும்.

நீங்களே தேனீயாக வேண்டியதுதான். பரங்கிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். ஆகவே காலையிலேயே புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சுரை, பீர்க்கு, புடலை சாயங்காலம் பூப்பவை, அவற்றுக்குச் சாயங்காலம் செய்யுங்கள். இதே வேலையைத்தான் 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் வெனிலாப் பூவில் ஒரு குச்சியையும் கட்டைவிரலையும் வைத்துச் செய்து காட்டினான். இன்றும் வெனிலாத் தோட்டங்களில் அவன் முறைதான்.

வாழைப்பழத்தில் ஏன் விதை இல்லை?

நாம் சாப்பிடும் வாழை கருவுறாமலே பழுக்கும் வகை. பழத்துக்குள் கருப்பாகப் புள்ளி புள்ளியாகத் தெரிவது விதையாகாத சூல்கள். பக்கக் கன்றை எடுத்து நட்டுத்தான் பெருக்குகிறோம், வாழையடி வாழை என்பது அதைத்தான்.

கடையில் வாங்கிய முட்டையை அடை வைத்தால் குஞ்சு பொரிக்குமா?

பொரிக்காது. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக் கோழிகளோடு சேவல் விடுவதில்லை. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும், அதில் கோழியின் பாதி மட்டும் இருக்கும். நாட்டுக்கோழியில், சேவல் சேர்ந்த பிறகு கோழி அந்த விந்தை இரண்டு வாரத்துக்கும் மேலே தன் உடம்பில் சேமித்து வைத்து, ஒவ்வொரு நாள் முட்டைக்கும் பயன்படுத்திக்கொள்ளும். கருவுறுவது ஓடு கட்டுவதற்கு முன்னால். வெள்ளைக்கரு, சவ்வு, ஓடு எல்லாம் அதற்கப்புறம் ஒரு நாளில் சேரும்.

அதனால் கருவுற்ற முட்டை வெளியே வரும்போதே கருவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வயது, பல ஆயிரம் செல்கள் ஆகியிருக்கும். வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்றுவிடும். கோழி உட்கார்ந்து சூடு தந்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். கோழி இரண்டு வாரமாக ஒவ்வொன்றாக இட்ட முட்டைகள் 21ஆம் நாளை ஒட்டி ஒன்றாகப் பொரிப்பது இப்படித்தான். அடைவைத்து ஒரு வாரம் ஆனதும் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கரு பிடித்த முட்டையில் சிலந்தி மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும். தெரியாவிட்டால் கூமுட்டை.

மஞ்சள் ‘கரு’ என்ற பெயரால் ஒரு குழப்பம் வருகிறது. மஞ்சள் முழுவதும் குஞ்சு ஆவதில்லை. அதன் மேல் இருக்கும் சிறு வெண்புள்ளிதான் குஞ்சாகும், மஞ்சள் அதற்கு உணவு.

மீனும் தவளையும் உடம்புக்கு வெளியே எப்படிக் கருவுறுகின்றன?

பெண் முட்டைகளைத் தண்ணீரில் விடும், ஆண் அதன்மேல் விந்தைப் பாய்ச்சும். இத்தாலியின் ஸ்பல்லான்சானி பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண் தவளைகளுக்குத் துணிக் காற்சட்டை தைத்துப் போட்டார். முட்டைகள் வீணாயின. காற்சட்டையில் தங்கியதை எடுத்து முட்டைமேல் தடவியதும் தலைப்பிரட்டைகள் வந்தன.

கட்லா, ரோகு, மிர்கால் வெள்ளம் புரளும் ஆற்றில்தான் முட்டையிடும், குளத்தில் இடாது. மீன்குஞ்சுக்கு ஆற்றையே நம்பியிருந்த காலத்தில், 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி ஹார்மோன் ஊசி போட்டு இவ்வகை மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இந்தியாவில் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

மாட்டுக்குச் சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. என்ன காரணம்?

நோய், சத்துக்குறைவு எனப் பல காரணம் இருக்கலாம், கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி நடப்பது நேரம் தவறுவது. பருவ அறிகுறி அடங்கிச் சுமார் அரை நாள் கழித்துத்தான் முட்டை வெளிவரும். ஆகவே காலையில் கத்தினால் அன்று மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை ஊசி போடுங்கள்.

மனிதரில் எங்கே, எப்போது நடக்கிறது? ஒரே ஒரு விந்தணுதானா?

கருப்பையில் இல்லை, கருக்குழாயில். பல கோடி விந்தணுக்கள் புறப்பட்டாலும் முட்டைக்கு அருகே வருவது சில நூறுதான். வந்ததும் கருவுறச் செய்யவும் முடியாது, பெண்ணின் உடம்புக்குள் சில மணி நேரம் பக்குவப்பட வேண்டும். 1951இல் இதைச் சாங், ஆஸ்டின் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். விந்தணு ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கலாம், முட்டைக்கு 12 முதல் 24 மணி நேரம்தான்.

ஒன்று நுழைந்ததும் முட்டை கதவைச் சாத்திவிடும். கடல் முள்ளெலியில் சில நொடிகளில் முட்டைச் சவ்வின் மின்னழுத்தம் மாறி மற்றவற்றைத் தடுக்கும், ஒரு நிமிடத்துக்குள் தனி உறை எழும்பிவிடும். மனித முட்டையில் வெளியுறை இறுகிக்கொள்கிறது. இரண்டு நுழைந்தால் குரோமோசோம் கணக்கு கெட்டு, கரு நிலைக்காது. கருவுற்ற முட்டை பிரிந்து பிரிந்து உருண்டு வந்து, ஆறேழு நாளில் கருப்பைச் சுவரில் பதியத் தொடங்கும். குழாயிலேயே தங்கிவிட்டால் ஆபத்து. நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் கடும் வலியோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், காத்திருக்காதீர்கள்.

பெண் குழந்தையாகவே பிறப்பது யாரால்?

அம்மாவின் முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான். அப்பாவின் விந்தணுக்களில் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண், அதுவும் அப்பாவின் விருப்பப்படி நடப்பதில்லை. இதற்காக மருமகளைத் திட்டிய வீடுகளை எனக்குத் தெரியும். பெண்ணை நிலம் என்கிறார்கள், விளைந்தது பிடிக்காவிட்டால் நிலத்தைக் குறை சொல்கிறார்கள். இரண்டுமே பொய். கருவிலேயே பாலினம் பார்ப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

அப்பாவே இல்லாமல் உயிர் பிறக்குமா?

தேனீயில் பிறக்கிறது. ராணி கருவுறச் செய்து இடும் முட்டை பெண் தேனீ ஆகும், கருவுறாமல் இடுவது ஆண் தேனீ. ஆண் தேனீக்கு அப்பா இல்லை, ஆனால் அம்மாவின் அப்பா, தாத்தா உண்டு!

சோதனைக்குழாய்க் குழந்தை என்பது என்ன?

முட்டையையும் விந்தணுவையும் வெளியே ஒரு தட்டில் சேரவிட்டு, கருவைத் தாயின் கருப்பையில் வைப்பது. குழந்தை வளர்வது வயிற்றில்தான். செடியில் இதை நம் நாட்டிலேயே முன்னால் செய்துவிட்டார்கள். 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரியின் குழு கசகசாச் செடியின் சூல்களைக் குழாயில் வைத்து, மகரந்தம் தூவி, விதையாக்கியது. மனிதரில் முதல் குழந்தை லூயி பிரவுன், 1978 ஜூலை 25, இங்கிலாந்து. அதே வருடம் அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உறைய வைத்த கருவிலிருந்து பிறந்த குழந்தை. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று கருதப்பட்ட, 1986இல் மும்பையில் பிறந்த குழந்தைக்குப் பின்னால் இருந்த ஆனந்த் குமார், பிறகு முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலில் செய்தவர் அவரே என்று 1997இல் எழுதினார். தனக்குக் கிடைத்த பெருமையை எடுத்து உரியவருக்குக் கொடுத்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும்.

பிள்ளைகளுக்கு இதைக் கண்ணால் காட்ட முடியுமா?

முடியும். பத்து விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் துளி போரிக் அமிலம் கலந்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். காலையில் புதிதாகப் பூத்த நித்தியகல்யாணியின் மகரந்தத்தை அதில் தூவி, பள்ளியில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியில் வையுங்கள். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்தால், சில தூள்களிலிருந்து குழல் மெதுவாக நீண்டு வெளியே வந்துகொண்டிருக்கும்.